பிள்ளைக்குக் கணினி: ஜூன் குறிப்புகள்

2025 ஜூன் 2

அலுமாரியின் அடித்தட்டில் இருந்து பழைய கொப்பியை எடுத்தேன். 2003இல் ஹட்டனில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனபோது எழுதியது. முதல் பதினோரு பக்கமும் வரலாறு. சார்லஸ் பாபேஜ், வெற்றிடக் குழாய், முதலாம் தலைமுறை, இரண்டாம் தலைமுறை. மவுஸைத் தொடவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

பிள்ளைக்கு அப்படித் தொடங்க மாட்டேன். இருதய நோயால் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் அவளால் நிமிர்ந்து உட்கார முடிகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தை வெற்றிடக் குழாய்க்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்டி ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். தபால்காரர் வந்து போனார். கடிதம் இல்லை.

ஜூன் 3

பிள்ளையின் நிறை 41.2.

ஜூன் 4

தம்பி கொட்டகலையில் இருந்து பென் டிரைவோடு வந்தான். லெப்டொப் பழசு, செகண்ட் ஹேண்ட். விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஆம் திகதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடுமாம், விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். லிப்ரே ஆபிஸும் கூடவே இருக்கிறது, எல்லாம் இலவசம். "அக்கா, ஸ்கூல்ல வேற மாதிரி இருக்குமே, புள்ளைக்குக் குழம்பாதா?" என்று கேட்டான். அவள் எந்த ஸ்கூலுக்குப் போகப் போகிறாள் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 5

முதல் பாடம். கண்ணை மூடச் சொல்லி, அவளுடைய இரண்டு ஆள்காட்டி விரலையும் பிடித்து விசைகள் மேல் மெதுவாக நகர்த்தினேன். எஃப் விசையிலும் ஜே விசையிலும் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. விரல் அங்கே தட்டியதும் சிரித்தாள். "இது எதுக்கும்மா?" பார்க்காமலேயே கை வீட்டுக்கு வந்து சேர்வதற்கு என்றேன். இருபது நிமிடம் தட்டினாள். நகக்கண் நீலமாகத் தெரிந்தது, குளிரா மற்றதா என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். அவளுக்குக் கோபம்.

ஜூன் 7

இன்று முழுக்க ஒரே யோசனை. தமிழ் தட்டச்சு எதில் சொல்லிக் கொடுப்பது?

என் விரலுக்குத் தெரிந்தது பாமினி என்ற பழைய எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் 'அம்மா'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டுவேன். ஆனால் பாமினியில் எழுதியது உண்மையில் தமிழ் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனுக்கு அனுப்பினால் போர்வை விழுந்துவிடும், வாசிப்பவருக்குக் கிடைப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. முன்பள்ளிக் கூட்டத்துக்கு நான் அடித்த கடிதம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை.

அவள் எழுதுவது யார் கைக்குப் போனாலும் வாசிக்கக் கிடைக்க வேண்டும். ஆகவே யுனிகோட், ஒவ்வோர் எழுத்துக்கும் எங்கும் ஒரே எண் வைக்கும் முறை. விசைப்பலகை ரெங்கநாதன், இலங்கைத் தரமாக வைத்திருப்பது அதுதான். நானும் அவளோடு சேர்ந்து புதிதாகப் பழக வேண்டும். இருபது வருடத்துப் பழக்கம், இருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 8

41.1. கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை என்று தெரிந்தும் வாசலில் போய் நின்றேன்.

ஜூன் 10

பொசன் பௌர்ணமி. விடியற்காலையில் இருந்து மழை, பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கணினி இல்லாமல் கணினிப் பாடம். யுனிகோடில் 'க' எழுத்துக்கு ஓர் எண் உண்டு, 2965. அதை இரண்டால் வகுத்து வகுத்து மீதியை எழுதச் சொன்னேன். போர்வைக்குள் இருந்தபடியே செய்தாள். முதல் தடவை ஓர் இடத்தில் தவறியது, திரும்பச் செய்தாள்: 101110010101. பன்னிரண்டு இலக்கம். "ஒரு 'க'வுக்கு இவ்வளவா?" என்று கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் பெயரின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கேட்டாள். எனக்கு மனப்பாடமில்லை. கரண்ட் வந்ததும் பார்க்கலாம் என்றேன். இரவு எட்டு மணிக்கு வந்தது. தூங்கியிருந்தாள்.

ஜூன் 12

விரிதாள் தொடங்கியாயிற்று. நான் நினைத்திருந்தது புள்ளிப் பட்டியல். அவள் கேட்டது அவளுடைய கொப்பியை: நிறை, குடித்த தண்ணீர், மாத்திரை. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் காத்திருக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், அதைக் கணினியே பார்த்துச் சொல்லுமா என்றாள். சொல்லும். இன்றைய கட்டத்தில் இருந்து மூன்று கட்டம் மேலே உள்ளதைக் கழிக்க வேண்டும், விடை 2 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டம் சிவக்க வேண்டும். சமக்குறி போடாமல் மூன்று தடவை எழுதினாள், அது வெறும் எழுத்தாகவே நின்றது. நான்காவது தடவை விடை வந்தது. 0.1.

ஜூன் 13

மழை. பாடம் இல்லை. இருமல்.

ஜூன் 17

காலை ஆறரைக்கு நிறை அடித்தாள். 43.4. மூன்று நாளைக்கு முன் 41.3. கட்டம் சிவந்துவிட்டது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன், ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னேன், பையை எடுத்தேன். அவள் மட்டும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "அம்மா, நான் சுடுதண்ணிப் பையோட நின்னேன்." ஸ்வெட்டருக்குள்ளே வயிற்றில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், குளிருக்கு. பையையும் ஸ்வெட்டரையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். 41.4. சிவப்பு போய்விட்டது.

ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கவில்லை. பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

மாலையில் பார்த்தால் பட்டியலில் புதிதாக ஒரு நிரல்: 'என்ன உடுத்தியிருந்தேன்'. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூன் 21

அத்தை தேயிலைத் தோட்டத்து மலையில் இருந்து வந்து சம்பளத் துண்டை நீட்டினாள். வருடக்கணக்காக அதை மடித்து அரிசி டின்னுக்குள் போடுவாள், பார்ப்பதில்லை. பிள்ளை ஒவ்வொரு வரியாக ஏற்றினாள். 22 நாள், நாளுக்கு 1,350, மொத்தம் 29,700. சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 சதவீதம், 2,376. துண்டிலும் அதேதான். "அப்ப தோட்டம் கட்டுறது 12 சதவீதம், அது இந்தத் துண்டுல எங்க அத்தை?" என்றாள். அத்தை என்னைப் பார்த்தாள். முதலாளி பங்கு சம்பளத்தில் கழிவதில்லை, தனியாகக் கட்டுவார்கள் என்று விளக்கினேன். அத்தை அடுத்த மாதத் துண்டையும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, டின்னில் கிடந்த பழையதையும் அள்ளிக் கொண்டுவந்தாள். சிலது எலி கடித்தது.

ஜூன் 24

தூக்கமில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் 10ஆம், 11ஆம் தரப் புத்தகங்களை இறக்கி வைத்திருக்கிறேன். தருக்கப் படலை, தரவுத்தளம், பாஸ்கல் மொழி, எச்.டி.எம்.எல். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக சாதாரண தரம் எழுதவைக்கத்தான் இதெல்லாம். ஆனால் அந்த வரிசையில் போனால் பிள்ளைக்கு வேண்டியது கடைசியில்தான் வரும். என் வரிசையில் போனால் பரீட்சைக்கு வேண்டியது விட்டுப்போகும். இரண்டையும் ஒரு மணித்தியாலத்துக்குள் எப்படி அடைப்பது? எழுந்து போய் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். இரண்டு தலையணையில் சாய்ந்துதான் தூங்குகிறாள். திரும்பி வந்து அட்டவணையை அழித்து எழுதினேன். பாஸ்கலை ஆகஸ்டுக்குத் தள்ளினேன். ஆகஸ்ட் என்று எழுதும்போது பேனை நின்றது.

ஜூன் 25

41.5.

ஜூன் 27

கொழும்பில் இருக்கும் அப்பாவுக்கு அவளே தமிழில் கடிதம் அடித்து மெயிலில் அனுப்பினாள். பதினான்கு வரி, ஐம்பது நிமிடம். என்னைப் பார்க்கவிடவில்லை. இரவு அவர் கோல் எடுத்தார். கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் வாசித்தாராம், எல்லா எழுத்தும் சரியாகத் தெரிந்ததாம். வேறொன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சும்மா இருந்தோம்.

ஜூன் 30

கடிதம் இல்லை, கோல்தான். கண்டியில் இருந்து. பத்தாம் திகதி காலை எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். பழைய எக்கோ ரிப்போர்ட் எல்லாம் வேண்டும், இரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலை அவளே அடிக்கிறாள். லெப்டொப்பை முதல் வரியில் போட்டிருக்கிறாள்.