இருவர் பேசும் காட்சி: கேமரா பழகும் நாட்குறிப்பு

ஜூன் 3

இன்றைக்கு முழுக்கக் கோடுதான். பேசும் இருவரையும் இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கேமராவை அதன் ஒரே பக்கத்தில், 180 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒருவர் எப்போதும் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம். வேண்டுமென்றே கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு குளோசப் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்; யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் இருக்கிறது. தாண்டியே ஆக வேண்டுமென்றால், ஷாட் ஓடும்போதே கேமராவை நகர்த்திக் கொண்டுபோகலாம். நடிகர் எழுந்து இடம் மாறினாலும் கோடு மாறிவிடும்.

ஜூன் 5

முதலில் இருவரையும் சேர்த்துக் காட்சி முழுவதையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட், பிறகு சஜஷன், பிறகு குளோசப். சஜஷனில் ஒருவரின் தோளுக்கு மேலாக மற்றவர் முகம். இரண்டு பக்கமும் ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்றால் வெட்டி ஒட்டும்போது கண் உறுத்தாது. ஒரு பக்கத்து ஷாட்டுகளை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பினால் லைட்டை ஒருமுறை மாற்றினால் போதும்.

ஜூன் 9

24 எம்எம் லென்ஸோடு முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகிவிடுகிறது. 85 எம்எம் போட்டுத் தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கிறது. அதைவிட என்னை ஈர்த்தது லுக், அதாவது நடிப்பவர் பார்க்கும் திசை. எதிரே பேசுகிறவரை லென்ஸை ஒட்டி உட்காரவைத்தால், நடிப்பவரின் இரண்டு கண்களும் நமக்குக் கிடைக்கும். அவர் நம்மிடமே மனம் திறப்பதுபோல் இருக்கும். லென்ஸை விட்டு நன்றாகத் தள்ளி உட்காரவைத்தால் பக்கவாட்டு முகம்தான், நாம் ஒதுங்கி நின்று ஒட்டுக்கேட்கிறோம். நெருக்கத்தை இவ்வளவு எளிதாகக் கூட்டிக் குறைக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜூன் 14

எடிட். பேசுகிறவர் முகத்தையே மாறி மாறிக் காட்டினால் காட்சி தட்டையாகிவிடுகிறது. "நான் நாளைக்கே கிளம்புகிறேன்" என்பது வரி. "நாளைக்கே" என்ற இடத்தில் கேட்பவர் முகத்துக்கு வெட்டினேன்; குரல் மட்டும் தொடர்ந்தது. இதை எல் கட் என்கிறார்கள். வரியின் வலி அவர் முகத்தில்தான் இருந்தது! இனி கேட்பவர் பக்கத்திலும் காட்சி முழுவதையும் ஓடவிட்டு எடுக்கப்போகிறேன். கேமராவுக்கு வெளியே இருப்பவரும் வசனத்தை உணர்ச்சியோடு சொல்ல வேண்டும். ஒப்புக்கு வாசித்தால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்றும் வராது.

ஜூன் 15

அறையின் வெறும் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்தேன். வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளை மறைக்க இது வேண்டும்.

ஜூன் 18

அதே காட்சியில் அவள் நிற்கிறாள், அவன் உட்கார்ந்திருக்கிறான். அவளைக் கீழிருந்தும் அவனை மேலிருந்தும் எடுத்தால் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது வசனம் இல்லாமலே தெரிகிறது. எந்த வரியில் அவளை உட்காரவைப்பது? அந்த "கிளம்புகிறேன்"-க்கு முன்னாலா, பின்னாலா? நாளைக்கு இரண்டு விதமாகவும் எடுக்க வேண்டும்.