அக்கா பையனும் ஜெங் ஜியும்

அக்கா பையன் ரெண்டு நாளா முகத்த தூக்கி வெச்சிட்டு சுத்திட்டு இருந்தான். கேட்டா ஒண்ணும் இல்லன்னான். அக்கா தான் அப்புறம் போன்ல சொன்னா, கோச் இவன ஃபார்வர்ட்ல இருந்து எடுத்து மிட்ஃபீல்டுல போட்டுட்டாராம், அதுக்கு தான் இவ்ளோ. வயசு 13 ஆகுது. நாங்க இருக்கறது பெங்களூர் கௌதமபுரம், அல்சூர் பக்கம். பீலேக்கு சிலை வெச்சிருக்கற ஏரியா, தமிழ் பேசுற வீடுங்க தான் அதிகம், சாயங்காலம் ஆனா கிரவுண்ட்ல கால் வெக்க இடம் இருக்காது. இங்க எந்த பையன கேட்டாலும் கோல் அடிக்கணும்னு தான் சொல்வான், பாஸ் குடுக்கணும்னு ஆசைப்பட்டு பூட் வாங்குன பையன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் டீக்கடையில உக்கார வெச்சு, "ஜெங் ஜி தெரியுமாடா"ன்னு கேட்டேன். "யாரு மாமா, கொரியாவா?"ன்னான். சைனாவோட மிட்ஃபீல்டர்னு சொன்னதும் அவனுக்கு சப்புன்னு ஆயிடுச்சு. சைனாவுல என்ன ஃபுட்பால்னு கேட்டான். அவன சொல்லி குத்தமில்ல, 2002ல ஒரே ஒரு தடவ தான் அவங்க வேர்ல்ட் கப்புக்கு போனாங்க, மூணு மேட்ச்லயும் தோத்து ஒரு கோல் கூட அடிக்காம திரும்புனாங்க. அந்த டீம்ல ஜெங் ஜி இல்ல. அதுக்கப்புறம் நாட்டுக்காக நூறு மேட்சுக்கு மேல ஆடி, வருஷக்கணக்கா கேப்டனாவும் இருந்தும், அந்த மனுஷன் ஒரு வேர்ல்ட் கப் மேட்ச் கூட ஆடாமயே ரிட்டையர் ஆயிட்டார். எனக்கு இத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கும்.

2006 வேர்ல்ட் கப் குவாலிஃபையர் கதைய கேளுங்க. 2004 நவம்பர், சைனாவுக்கும் குவைத்துக்கும் குரூப்ல 15 பாயிண்ட், கோல் வித்தியாசமும் ரெண்டு பேருக்கும் 13. குவைத் மொத்தம் 15 கோல் அடிச்சிருந்தாங்க, சைனா 14. கடைசி மேட்ச்ல ஹாங்காங்க 7-0ன்னு அடிச்சும் பத்தல. ஒத்த கோல் கம்மி, அவ்ளோ தான், வீட்டுக்கு போயிட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல தான் பெய்ஜிங்ல சொந்த ஜனங்க முன்னாடி ஏசியன் கப் ஃபைனல்ல ஜப்பான்கிட்ட 3-1ன்னு தோத்திருந்தாங்க.

ஆனா கிளப்புல அந்த வருஷம் ஜெங் ஜிக்கு வேற மாதிரி போச்சு. அவர் 1980ல ஷென்யாங்ல பொறந்தவர், வடகிழக்கு பக்கம், ஃபேக்டரிங்க நெறைய இருக்கற குளிர் ஊரு. அங்கிருந்து நாட்டோட அந்த கோடிக்கு, ஷென்ஜென்னுக்கு வந்து ஆடினார். 2004ல சைனீஸ் சூப்பர் லீக் ஆரம்பிச்ச முதல் வருஷமே ஷென்ஜென் தான் சாம்பியன். அந்த சீசன்ல பிளேயருங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வரல, மாசக்கணக்குல பாக்கி, அப்பிடி இருந்தும் ஜெயிச்சாங்க. இந்த இடத்துல பையன் டீய கீழ வெச்சுட்டு கேக்க ஆரம்பிச்சான், ஏன்னா அவங்கப்பாவுக்கும் போன வருஷம் மூணு மாசம் சம்பளம் நின்னு போச்சு, அது வீட்டுல எப்பிடி இருக்கும்னு அவனுக்கு தெரியும்.

அப்புறம் ஷாண்டோங் லுனெங் கிளப்புக்கு போனார், 2006ல அவங்களுக்கு லீக்கும் கப்பும் ரெண்டுமே. அதே 2006 ஜூன்ல தான் உலகம் முழுக்க அவர் பேரு தெரிஞ்சுது, ஆனா தப்பான காரணத்துக்கு. வேர்ல்ட் கப்புக்கு சில நாள் முன்னாடி ஃபிரான்ஸ் கூட ஒரு ஃப்ரெண்ட்லி. ஃபிரான்ஸ் ஃபார்வர்ட் ஜிப்ரில் சிஸ்ஸே பந்த எடுத்துட்டு ஓடுறார், ஜெங் ஜி தொரத்திட்டு வர்றார், ரெண்டு பேரும் உரசுறாங்க, சிஸ்ஸேவோட வலது கால் உடையுது. வேர்ல்ட் கப் போச்சு. அந்த கிளிப்ப நான் பல தடவ பாத்திருக்கேன். ரெண்டு பேரும் முழு வேகத்துல ஓடுற ஓட்டத்துல பட்ட இடி அது, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நம்ம கிரவுண்ட்ல பத்து தடவ நடக்கும். வேணும்னு பண்ணதுன்னு என்னால ஒத்துக்க முடியாது. அதே மேட்ச்ல சைனாவுக்கு பெனால்டி கோல் அடிச்சதும் இவர் தான், அத யாரும் ஞாபகம் வெச்சுக்கல.

2007 ஜனவரில இங்கிலாந்து, சார்ல்டன் கிளப். முதல்ல லோன், அதாவது கொஞ்ச காலத்துக்கு கடனா. டீம் அப்பவே பிரீமியர் லீக்ல கீழ தத்தளிச்சிட்டு இருந்துச்சு, நியூகாசில் மேல ஒரு கோல் அடிச்சார், ஆனாலும் சார்ல்டன் இறங்கிடுச்சு. இவர் விட்டுட்டு ஓடல, செகண்ட் டிவிஷன்ல அவங்களோடயே நின்னார். நடுவுல 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், சொந்த நாட்டுல கேப்டன், பெல்ஜியம் மேட்ச்ல ரெட் கார்டு. நல்லவர்னு மட்டும் சொல்லிட்டு போனா அது நேர்மையா இருக்காது, கோவம் அவருக்கு இருந்துச்சு, அன்னிக்கு டீம அது காலி பண்ணுச்சு. 2009ல சார்ல்டன் இன்னும் ஒரு படி கீழ போச்சு, இவர் ஸ்காட்லாந்துல செல்டிக்ல ஒரு சீசன் ஆடினார், பெருசா எடுபடல.

இப்ப யோசிச்சு பாருங்க, 2010, வயசு 30 ஆகப் போகுது, ஐரோப்பா கனவு முடிஞ்சிடுச்சு. எந்த கிளப்புக்கு போனார் தெரியுமா, குவாங்ஜோ. மேட்ச் ஃபிக்சிங் கேஸ்ல ரெண்டாவது டிவிஷனுக்கு தள்ளப்பட்டு, அந்த வருஷம் தான் எவர்கிராண்ட் கம்பெனி வாங்கின டீம். நாட்டுக்கு கேப்டனா இருந்தவர் ரெண்டாவது டிவிஷன்ல போய் ஆடுறார். இத சொன்னப்ப பையன், "அசிங்கமா இருந்திருக்காதா மாமா?"ன்னு கேட்டான். எனக்கு பதில் தெரியல, இருந்திருக்கலாம்டான்னேன்.

அடுத்த வருஷமே மேல வந்தாங்க, வந்த வருஷமே, 2011ல, சாம்பியன். 2017 வரைக்கும் வரிசையா ஏழு வருஷம் லீக் அவங்களுது தான். காசு கொட்டுனாங்க, கோன்கா, எல்கெசன்னு வெளிநாட்டு ஆளுங்கள கொண்டு வந்தாங்க, இத்தாலிக்கு வேர்ல்ட் கப் வாங்கி குடுத்த மார்சேலோ லிப்பி கோச்சா வந்தார். எல்லாம் சரி, ஆனா நடுவுல நின்னு அந்த டீம ஓட்டுனது இந்த 10ஆம் நம்பர் தான். டீமுக்கு எங்க ஆள் வேணுமோ அங்க ஆடுன ஆளு, டிஃபென்ஸ்ல நின்னிருக்கார், கோல் அடிக்கற இடத்துலயும் ஆடியிருக்கார், வயசாக வயசாக டிஃபென்ஸுக்கு முன்னாடி வந்து நின்னுட்டார்.

2013 ஏஷியன் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஆசியா கிளப்புங்களுக்கான போட்டி, கொரியாவோட எஃப்சி சியோல் கூட. சியோல்ல 2-2, குவாங்ஜோவுல 1-1, மொத்தம் சமம்னா வெளியூர்ல அதிகம் அடிச்சவங்களுக்குன்னு கணக்கு, அதனால கப் இவங்களுக்கு. 1990ல லியாவோனிங் ஜெயிச்சதுக்கு அப்புறம் ஒரு சைனா கிளப் ஆசியாவ ஜெயிச்சது அது தான் முதல் தடவ, அந்த லியாவோனிங் இவரோட சொந்த மாகாணம். அந்த வருஷம் ஆசியாவோட சிறந்த பிளேயர் விருதும் இவருக்கு, வயசு 33. நம்ம பெங்களூரு எஃப்சி ஆரம்பிச்சதும் அதே 2013ல தான், கண்டீரவாவுல நான் முதல் தடவ அவங்க மேட்ச் பாத்தப்போ இப்பிடி ஒரு ஆள் நடுவுல இருந்தா எப்பிடி இருக்கும்னு நெனச்சது ஞாபகம் இருக்கு. 2015ல ரெண்டாவது தடவயும் ஏஷியன் சாம்பியன்ஸ் லீக் வாங்கினார். 2019ல நாட்டு டீமுக்கு ஏசியன் கப்ல 38 வயசுல கேப்டன்!

போன்ல ஒரு பழைய மேட்ச் போட்டு குடுத்தேன். பந்த பாக்காத, அவர மட்டும் பாருன்னு சொன்னேன். முதல் அஞ்சு நிமிஷம் நெளிஞ்சான். அப்புறம் ஒரு இடத்துல அவனே நிறுத்தி பின்னாடி ஓட்டினான். டிஃபென்டர்கிட்ட பந்து இருக்கு, ஜெங் ஜி பந்து கேக்கறதுக்கு முன்னாடியே தலைய திருப்பி இடது தோளுக்கு மேல ஒரு தடவ பாக்குறார், வலது பக்கம் ஒரு தடவ. பந்து வந்ததும் நிறுத்தவே இல்ல, ஒரே டச்ல ஓரத்துல ஓடுற ஆளுக்கு. "அவன் அங்க இருக்கான்னு முன்னாடியே பாத்துட்டாரு மாமா"ன்னான். ஆமாடான்னேன். ஸ்கோர் கார்டுல இந்த பாஸ் எங்கயும் வராது, அடிச்சவன் பேரு தான் வரும்.

"இப்ப அந்த டீம் எப்பிடி ஆடுது?"ன்னு கேட்டான். இத சொல்லணும்னு நான் நெனக்கல, கேட்டதால சொன்னேன். எவர்கிராண்ட் கடன்ல மூழ்குச்சு, 2022 முடிவுல டீம் மறுபடி ரெண்டாவது டிவிஷனுக்கு போச்சு, 2025 ஜனவரில பழைய கடன கட்ட முடியாம லைசென்ஸ் கிடைக்கல, கிளப்ப மூடிட்டாங்க. எட்டு லீக், ரெண்டு ஏஷியன் சாம்பியன்ஸ் லீக் வாங்குன கிளப். பையன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. டீ ஆறி ஏடு கட்டிடுச்சு.

நேத்து சாயங்காலம் கிரவுண்ட் பக்கமா போனேன். வேலிக்கு வெளியவே நின்னுட்டேன், பாத்தா கூச்சப்படுவான். நடுவுல தான் ஆடிட்டு இருந்தான். பேக் ஆடுற பையன் இவனுக்கு பந்த தட்டுறான், இவன் தலைய திருப்பி பின்னாடி பாத்தான், ரொம்ப பாத்துட்டான் போல, பந்து கால்ல பட்டு வெளிய போயிடுச்சு. எல்லாரும் கத்துனாங்க. த்ரோ எடுத்தாச்சு, மறுபடி அந்த பேக்கிட்ட பந்து போச்சு. இவன் மறுபடி திரும்பி பாத்தான்.