நாகர்கோவில் கோணத்தில் கடைந்த புஷ், விமான எஞ்சினுக்குள் போகும் வரை

நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் சிலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். விமான எஞ்சின் பாகம் செய்ய யாரிடம் லைசென்ஸ் வாங்கணும், டெல்லிக்குப் போகணுமா, எவ்வளவு ஆகும்? நான் கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) பட்டறையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். போன வருஷம்தான் எங்கள் முதல் பாகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. சின்னப் பாகம்தான், எஞ்சினின் வெளிக்கூட்டில் குழாயைத் தாங்கும் பிராக்கெட்டுக்குள் உட்காரும் ஒரு புஷ், அதாவது நடுவில் ஓட்டை உள்ள சின்ன உருளை, சுழலக்கூடச் செய்யாது. அதற்கே பட்ட பாட்டை எழுதிவைத்தால் அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

முதலில் லைசென்ஸ் விஷயம். நாங்கள் போன வழியில் பட்டறைக்கென்று அரசு தனியாக எதுவும் தருவதில்லை. எஞ்சின் கம்பெனியிடம்தான் உற்பத்தி ஒப்புதல் இருக்கும், அதை அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் இயாசா, இங்கே டி.ஜி.சி.ஏ. என்று அந்தந்த நாட்டு அமைப்பு கொடுத்துக் கண்காணிக்கும். தனக்குப் பாகம் செய்துதரும் எல்லோரையும் கட்டுக்குள் வைத்திருப்பது அந்தக் கம்பெனியின் சட்டக் கடமை. அது பெங்களூரில் உள்ள பெரிய சப்ளையருக்கு எழுதும், அவர்கள் எங்களுக்கு எழுதுவார்கள். ஆக, சட்டம் எங்கள் பட்டறைக்கு வருவது பர்ச்சேஸ் ஆர்டரின் பின்னால் இணைத்த பக்கங்களாகத்தான். பலர் அதைப் படிப்பதே இல்லை. ஒவ்வொரு வரியையும் படியுங்கள். வாடிக்கையாளர் மட்டுமல்ல, விமானத் துறை அதிகாரியும் எப்போது வேண்டுமானாலும் உங்கள் பட்டறைக்குள் வந்து பார்க்கலாம் என்று அதில் இருக்கும். நீங்கள் செய்த பாகத்தை நீங்களாக ஒரு விமானக் கம்பெனிக்கு விற்க முடியாது என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அப்புறம் ஏ.எஸ். 9100 என்ற தரச் சான்றிதழ். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஐ.எஸ்.ஓ. 9001 தெரிந்தவர்களுக்கு, இது அதன் மேல் விமானத் துறைக்கான விதிகளைச் சேர்த்தது, இப்போது இருக்கும் டி பதிப்பு 2016-ல் வந்தது. ஆடிட் இரண்டு கட்டம், பிறகு வருஷாவருஷம் கண்காணிப்பு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பிக்க வேண்டும். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும், ஃபைல் எழுதித் தர ஆள் வைத்து வாங்கினால் ஆடிட்டர் ஆபரேட்டரிடம் கேட்கும் முதல் கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்களிடம் சி.என்.சி. ஓட்டும் மூத்த அண்ணன் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை கியர்பாக்ஸ் உதிரிபாகமே வாழ்நாள் முழுக்கச் செய்தவர். டூல் தேய்ந்துவிட்டதை அதன் சத்தத்திலேயே சொல்லிவிடுவார், சொன்னால் அப்படியே இருக்கும். காற்றாலை வேலையில் டிராயிங்கில் உள்ள அளவு வந்தால் போதும், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் இருப்பவரிடம் போய், இத்தனை ஓட்டை போட்டதும் டிரில்லை மாற்றிவிட வேண்டும், நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும், ஸ்பீடு, ஃபீடு எதையும் தொடக்கூடாது என்று சொன்னால் என்ன ஆகும்? "நல்லாத்தானே வெட்டுது மக்கா, பின்ன எதுக்குத் தூக்கிப் போடணும்? பிளக் கேஜ் போட்டுப் பாரு, அளவு சரியாத்தானே இருக்கு?"

பிளக் கேஜ் என்பது ஓட்டைக்குள் விட்டு அளவு பார்க்கும் கட்டை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நான் வைத்திருந்த பதில் பென்சகோலா. 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பென்சகோலா விமான நிலையத்தில், டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஒன்று புறப்பட ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடது எஞ்சினின் முன்பக்க ஃபேன் ஹப் (ஃபேன் இதழ்களைத் தாங்கும் நடுப்பகுதி) உடைந்து, துண்டுகள் விமானத்தின் உடலுக்குள் பாய்ந்தன, இரண்டு பயணிகள் இறந்தார்கள். உடைப்பு தொடங்கிய இடம் ஹப்பில் போட்டிருந்த ஒரு ஓட்டையின் உட்சுவர். அது டைட்டானியம். தயாரிப்பின்போது டிரில் போட்ட விதத்தில் அந்த இடத்து உலோகத்தின் உள்ளமைப்பே மாறிப்போயிருந்தது, அங்கிருந்து ஒரு விரிசல் பல வருஷம் மெதுவாக வளர்ந்திருக்கிறது. செய்த காலத்தில் நடந்த சோதனையில் அந்தக் கோளாறு பிடிபடவில்லை, பின்னாளில் விமானக் கம்பெனி செய்த ஒளிரும் திரவச் சோதனையில் (விரிசலுக்குள் திரவம் ஊறி ஒளிர்கிறதா என்று பார்ப்பது) அந்த விரிசலும் பிடிபடவில்லை. விசாரணை அறிக்கை இரண்டையும் சொல்கிறது. எங்கள் வேலைக்கு இதில் உள்ள சேதி ஒன்றுதான். அளவு பார்க்கும் எந்தக் கருவியும் இதைக் காட்டாது. பிளக் கேஜ் உள்ளே போகும், அளவெடுக்கும் மெஷினான சி.எம்.எம். பச்சை காட்டும், ஆனாலும் அந்த ஓட்டை கெட்ட ஓட்டை. அதனால்தான் முடிந்த பாகத்தைப் பரிசோதித்தால் போதும் என்று எஞ்சின் கம்பெனிகள் விடுவதில்லை, செய்யும் முறையையே பூட்டிவைக்கச் சொல்கிறார்கள்.

கதை சொன்னால் கேட்டுக்கொள்வார், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பொருள் இன்கோனல் 718, நிக்கல் கலவை. வேலை செய்யச் செய்ய மேல்தோல் இறுகிக்கொண்டே போகும் உலோகம் அது. டிரில் வெட்டாமல் ஓரிடத்தில் நின்று தேய்த்தால் அவ்வளவுதான். ஒரே கட்டையில் புது டிரில்லால் ஒரு ஓட்டை, அவர் "இன்னும் ஓடும்" என்று சொன்ன தேய்ந்த டிரில்லால் ஒரு ஓட்டை போடச் சொன்னேன். இரண்டும் அளவுக்குள்தான். கட்டையைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து, அமிலம் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஒரு லேபுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். புது டிரில் போட்ட ஓட்டையின் ஓரத்தில் உலோகத்தின் நுண்மணிகள் விளிம்புவரை ஒழுங்காக இருந்தன. மற்றதில் விளிம்பை ஒட்டி எல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டு, வளைந்து, தனி அடுக்கு மாதிரி தெரிந்தது. அவர் திரும்பத் திரும்ப இரண்டையும் மாற்றி வைக்கச் சொல்லிப் பார்த்தார். "இது கேஜ்ல தெரியாதுல்லா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த பகுதி. நான் டூல் கம்பெனி புத்தகத்தைப் பார்த்து வைத்திருந்த மாற்று எண்ணிக்கையை அவரே குறைத்தார். சத்தம் மாறுவது எப்போது என்று அவருக்குத் தெரியும், அந்த நேரத்தில் ஸ்பிண்டில் லோடு, அதாவது மெஷினின் சுழல்தண்டின் மேல் விழும் சுமை, எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து குறித்தோம், அதற்குக் கீழே ஒரு எல்லை வைத்து, அதைத் தாண்டினால் மெஷின் தானாக நிற்கும்படி செய்தோம். ஒருவருடைய காதுக்குள் இருந்தது இப்போது புரோகிராமில் இருக்கிறது, அவர் லீவு போட்டாலும் இருக்கும். கட்டுப்பாடு என்றால் தொழிலாளியின் கைத்திறனை மதிக்காதது என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அவருடைய திறன் இல்லாமல் அந்த எல்லையை யாராலும் எழுதியிருக்க முடியாது.

முறையைப் பூட்டியதும் கைகள் கட்டப்படும், அதற்குத் தயாராக இருங்கள். கூலன்ட் பிராண்டு மாற்ற வேண்டுமா, எழுதிக் கேட்க வேண்டும். வேறு மெஷினில் ஓட்ட வேண்டுமா, கேட்க வேண்டும். எங்கள் முதலாளி மழைத்தண்ணீர் வருகிறது என்று ஒரு மெஷினைப் பக்கத்து ஷெட்டுக்கு மாற்ற நினைத்தார், அதற்கும் முதல் பாகப் பரிசோதனையின் (அதைப் பின்னால் சொல்கிறேன்) ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்றதும் கூரையைச் சரிசெய்துவிட்டார்.

மூலப்பொருளில் வந்த சிக்கல் வேறு மாதிரி. வியாபாரியிடமிருந்து வந்த கம்பிகளின் முனையில் குத்தியிருந்த உருக்கு எண்ணும் (உலோகம் எந்தத் தடவை உருக்கியது என்று காட்டும் எண்), கூட வந்த சான்றிதழில் இருந்த எண்ணும் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தன. போன் செய்தால், "டைப்பிங் தப்பு மேடம், வேற சர்டிபிகேட் இப்பவே மெயில் பண்றேன்" என்கிறார். அங்கேதான் நிற்க வேண்டும். அந்தச் சான்றிதழ் ஆலையிலிருந்து வந்திருக்க வேண்டும், வியாபாரியின் கம்ப்யூட்டரிலிருந்து வரக்கூடாது. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி வைத்துப் பார்த்தோம், 718-தான் என்று காட்டியது. ஆனால் எந்த உருக்கு என்று கருவி சொல்லாது. வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்வது எளிதல்ல. முதலாளி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அனுப்பினார், அதற்கு அவரை நான் என்றைக்கும் மதிப்பேன்.

ஒரு எண்ணுக்கு இவ்வளவா என்று கேட்டால், 1989 ஜூலை 19-ஐப் பாருங்கள். யுனைடெட் 232, டி.சி.-10 விமானம், அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் விழுந்தது, 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் ஃபேன் டிஸ்க்கில், டைட்டானியத்தை உருக்கும்போதே உண்டான ஒரு குறையிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. விசாரணையில் தயாரிப்புப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே வரிசை எண்ணில் இரண்டு டிஸ்க்குகள்! அதே உருக்கிலிருந்து வந்த மற்ற டிஸ்க்குகள் இப்போது எந்த விமானத்தில் பறக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு குழப்பம். இதற்கு நேர்மாறாக, பிராட் அண்ட் விட்னி தன் கியர் எஞ்சின்களின் டிஸ்க்குகளுக்குப் பயன்பட்ட உலோகத்தூளில் மாசு இருந்ததை 2023-ல் அறிவித்தபோது, 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த பாகங்கள் என்று காலத்தை வரையறுக்க முடிந்தது. நம் ஊரில் இண்டிகோ விமானங்கள் பல தரையில் நின்றன, எல்லோருக்கும் நஷ்டம், ஆனால் எதை இறக்க வேண்டும் என்று தெரிந்தது. அதே 2023-ல்தான் லண்டனின் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் விவகாரமும் வெளியே வந்தது. சி.எஃப்.எம்.56 எஞ்சினுக்கான ஆயிரக்கணக்கான பாகங்கள் போலிச் சான்றிதழோடு விற்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் போல்ட், வாஷர், சீல், புஷ் மாதிரியான சின்னச் சாமான்கள். நாங்கள் செய்வதும் புஷ். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பாகம் நல்ல பாகமாகவே இருந்தாலும் எஞ்சினுக்குள் அதற்கு இடமில்லை.

முதல் பாகப் பரிசோதனை, அதாவது ஏ.எஸ். 9102, பொறுமை கேட்கும் வேலை. டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும், ஓரத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் வட்டம் போட்டு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன கிடைத்தது, எந்தக் கருவியால் பார்த்தது என்று எழுத வேண்டும். பிசிறு எடுத்த ஓரத்தின் ஆரத்தைக்கூட விடக்கூடாது. இரண்டு வருஷம் அந்தப் பாகத்தைச் செய்யாமல் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து. நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு தொல்லை உண்டு. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, நடுவில் உப்புக்காற்று. அளவு பார்க்கும் அறை 20 டிகிரியில் நிற்க வேண்டும், கரண்ட் போய் வந்தால் பாகமும் கருவியும் திரும்பி நிலைக்கு வர மணிக்கணக்காகும். கேஜ்களை எண்ணெய் தடவி மூடிய பெட்டியில் வையுங்கள், இங்கே துரு சீக்கிரம் பிடிக்கிறது. காலிபரேஷன் சான்று, சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேபிலிருந்து வாங்குங்கள்.

ஒளிரும் திரவச் சோதனை, ஹீட் ட்ரீட்மெண்ட் போன்ற சிறப்பு வேலைகளை, அவற்றுக்கென்று விமானத் துறை வைத்திருக்கும் நாட்கேப் அங்கீகாரம் உள்ள இடத்தில்தான் செய்ய முடியும். எங்களுக்கு அது பெங்களூரு. ராத்திரி ரயிலில் பெட்டி போகும், ஒரு வாரம் கழித்து வரும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என்று ஐந்து இடங்கள் இருக்கின்றன, தெற்கே நாம் இல்லை. இஸ்ரோ மையங்கள் உள்ள மகேந்திரகிரியும் திருவனந்தபுரமும் இவ்வளவு பக்கத்தில் இருக்க, விண்வெளி வேலை பார்த்துப் பழகிய கைகள் இங்கே இருக்க, இந்தப் பக்கத்துப் பட்டறைகள் சேர்ந்து பொதுவாக ஒரு சோதனை மையம் அமைத்தால் பாதிக் கஷ்டம் தீரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செலவுக் கணக்குப் போடும்போது இந்தப் போக்குவரத்தையும் விலைக்குள் சேருங்கள், முதல் கொட்டேஷனிலேயே.

கழிவான பாகத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ரிஜெக்ட் ஆன புஷ்ஷை அப்படியே ஆக்கர்கடைக்குப் போடக்கூடாது. திரும்பப் பயன்படுத்த முடியாதபடி அறுத்து, அறுத்ததை எழுதிவைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று முதலாளி ஆசைப்பட்டார். பெட்டியில் இருப்பது இப்போது பாதியாக அறுத்த புஷ்.

ஒப்புதல் மெயிலாக வந்தது, கோட்டாறு சவேரியார் திருவிழா நேரம், பாதிப் பேர் லீவு. முதல் லாட் போய்ச் சேர்ந்து ஏற்கப்பட்டுவிட்டது. இப்போது இரண்டாவது டிராயிங் வந்திருக்கிறது, இது டைட்டானியம். அதன் சிப் (வெட்டும்போது விழும் சுருள்) தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலோகத் தீக்கென்று தனி உலர்தூள் அணைப்பான் வேண்டும், அதை வாங்கி மெஷின் பக்கத்தில் மாட்டிவிட்டோம். சோதனை ஓட்டைகளுக்கான கட்டை இந்த வாரம் வருகிறது, எத்தனை டிரில் வேண்டும் என்று அண்ணன் ஏற்கெனவே பட்டியல் கொடுத்துவிட்டார்.