துஷ்டி கேட்க வந்தவர்கள்

சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கி, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர்கள், சைக்கிளை உருட்டியபடி வயலுக்குக் கிளம்பியவர்கள், எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ‘வாங்க’ என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பொருள் உண்டு. சாவு நடந்த வீட்டுக்காரர்களை முதன்முதலாகப் பார்க்கும்போது நலம் விசாரிக்கக் கூடாது, வரவேற்கவும் கூடாது. முதலில் துஷ்டி கேட்க வேண்டும், அதாவது துக்கம் விசாரிக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் மற்றப் பேச்செல்லாம். அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. என்னிடம் யாரும் இன்னும் துஷ்டி கேட்டிருக்கவில்லை. தெரு அந்தக் கணக்கை முடிக்காமல் அப்படியே வைத்திருந்தது.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு. அதற்கு மூன்று நாள் முன்புதான் எனக்குக் கொரோனா தொற்று உறுதியாகியிருந்தது. வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். 24-ஆம் தேதி விடியற்காலை பெரியப்பா மகன் அண்ணன் போன் செய்தார். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார் என்றார். காய்ச்சலோடு கிடந்தவனுக்கு ஊருக்குப் போக இ-பாஸ் கேட்கக்கூட வழியில்லை. நீர்மாலை எடுக்க வேண்டியவன், கொள்ளி வைக்க வேண்டியவன், திருவல்லிக்கேணியில் ஓர் அறைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் அண்ணன்தான் செய்தார். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அப்போதைய விதி. தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நின்றே அழுதார்களாம். யாரோ போனைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு தென்னை மட்டையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. சங்கு கேட்டது, சேகண்டி கேட்டது, அம்மாவின் குரல் கேட்டது. அப்பாவின் முகம் திரைக்குள் வரவேயில்லை. அதன் பிறகு எவ்வளவோ நாள், வீடியோ அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இதைவிடப் பெரிய பாரம் ஒன்று உள்ளே கிடந்தது. தொற்று வந்த செய்தியை 17-ஆம் தேதி நானே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். ‘சரி, பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். ஏழாம் நாள் அவர் நெஞ்சு நின்றுவிட்டது. நான் சொன்ன செய்திதான் அவரைக் கொண்டுபோனது என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டது. அம்மாவிடம் கேட்கப் பயம். மனைவியிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் இ-பாஸ் முறை போனதும் அண்ணன் அம்மாவைச் சென்னைக்குக் கொண்டுவந்து விட்டார். வீட்டைப் பூட்டினோம். வருஷத் திதியைச் சென்னையிலேயே கொடுத்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. அனுப்பியவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்லவர்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அப்பாவைப் பார்த்ததில்லை. அவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் நடை அவர்களுக்குத் தெரியாது. யாரிடம் போய் அழுவது?

அம்மா இரண்டு மூன்று முறை ‘ஊருக்கு ஒரு நடை போய் வருவோமா’ என்று கேட்டாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். 2023 டிசம்பர் மழை அந்தச் சாக்குகளை முடித்துவைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். அந்த மழையில் எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு வாருங்கள், சுவரையும் பார்த்ததாக இருக்கும், அப்பாவுக்கும் செய்ததாக இருக்கும் என்றார் அண்ணன். 2024-ல் ஆடி அமாவாசை ஆகஸ்டு 4, ஞாயிற்றுக்கிழமை. வியாழன் இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

கோவில்பட்டி தாண்டியதிலிருந்து அம்மா படுக்கவில்லை. வாஞ்சி மணியாச்சி வந்ததும் முகம் கழுவி, தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திருநெல்வேலியில் இறங்கிச் செங்கோட்டை பாசஞ்சர் பிடித்தோம். டவுன், பேட்டை தாண்டினால் எங்கள் ஊர்தான். 2012-ல் அகலப் பாதையாக மாறும்வரை இந்த வழியில் மீட்டர் கேஜ் வண்டிதான். நான் கல்லூரிக்குப் போய்வந்ததும் அதில்தான். மேற்கே பொதிகை மலை மேகத்துக்குள் இருந்தது. பொதிகை தெரிந்துவிட்டால் தாமிரபரணி தெரிந்த மாதிரி. அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பூட்டைத் திறந்தோம். மதினி முன்னாலேயே வந்து பெருக்கி, தார்சாவில் இரண்டு கோரைப் பாய் விரித்து வைத்திருந்தார். ஏன் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. கால் மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

எதிர்வீட்டு ஆச்சிதான் முதலில் வந்தாள். செருப்பு இல்லாமல், தலையை முடியாமல், தெருவிலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வந்தாள். நான்கு வருஷம் கழித்து அழுகிற அழுகையாக அது இல்லை. நேற்று நடந்ததுபோல் அழுதாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதன் பின் ஒவ்வொருவராகப் பெண்கள் வந்து அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள். 2020-ல் வாசலோடு நின்றுபோனவர்கள் எல்லாரும் அன்று உள்ளே வந்தார்கள்.

ஆண்கள் வந்து என் இரண்டு கைகளையும் தங்கள் கைகளுக்குள் வாங்கிக்கொண்டார்கள். வழக்கப்படி பேச்சு கிடையாது. சற்று நேரம் பாயில் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘வருகிறேன்’ என்று சொல்லாமல் எழுந்துபோக வேண்டும். அதுதான் முறை. ஆனால் நான்கு வருஷம் தேக்கி வைத்ததை அவர்களாலும் அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் மிளகுப் பிள்ளையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை பொய்த்தால் மிளகை அரைத்துப் பிள்ளையார் மேனியெங்கும் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் போய்ச் சேர்ந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. 12,500 ஏக்கர் குடிக்கிற கால்வாய் அது. அது வற்றினால் எங்கள் பக்கத்தில் அடுப்பு எரியாது. ஒரு வறட்சி வருஷத்தில் அப்பா விடிய விடிய மிளகு அரைத்ததையும், கண் இரண்டும் சிவந்து வீங்கிப்போன பிறகும் குழவியை வேறு ஆளிடம் கொடுக்க மறுத்ததையும் ஓர் அண்ணாச்சி சொன்னார். நடவுக்கு வருகிற ஓர் அக்கா, பொழுது சாய்வதற்குள் கூலியைக் கையில் வைத்துவிடுவார், நாளைக்கு என்ற பேச்சே கிடையாது என்றார். முப்பது வயதுப் பையன் ஒருவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது அப்பாதானாம். ‘என் மகனுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அவன் மூன்றே நாளில் குடுக்கையை அவிழ்த்துவிட்டான்’ என்று அவனிடம் பெருமையாகச் சொன்னாராம். என்னிடம் அப்பா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

கடைசியாக வந்தவர், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சி. இரவு ஒன்பது மணி இருக்கும். கையில் டார்ச் விளக்கு, முழங்கால்வரை சேறு. உள்ளே வரத் தயங்கி நடையிலேயே நின்றார். நான் எழுந்துபோய்க் கை கொடுத்தேன்.

“முந்தின நாள் சாயங்காலம் நானும் ஐயாவும் மடையடியில்தான் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். ‘பையனுக்குத் தேறிவிட்டது, ரசத்தில் புளிப்பு தெரிகிறதாம், இனிப் பயமில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நிம்மதியோடுதான் போனார், தம்பி” என்றார்.

23-ஆம் தேதி மதியம் ரசம் சோறு சாப்பிடும்போது ஏழு நாளாகக் காணாமல் போயிருந்த ருசி நாக்குக்குத் திரும்பியது. அதை அம்மாவிடம் போனில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அது அப்பாவின் காதுக்குப் போனதா என்று நான் கேட்டதேயில்லை. நடைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீர்பாய்ச்சி டார்ச்சை அணைத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை இருட்டில் பக்கத்திலேயே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனார். அன்று இரவு தார்சாவில், அந்தக் கோரைப் பாயிலேயே தூங்கினேன். விடிந்து வெயில் முகத்தில் படும்வரை தூங்கினேன்.

மறுநாள் அம்மா மச்சில் இருந்து பழைய சேலையில் சுற்றிய ஒரு பாயை எடுக்கச் சொன்னாள். அவர்கள் கல்யாணப் பாய். பத்தமடை நெசவு, ஓரத்தில் பட்டுக் கரை, நடுவில் இரண்டு பேர் பெயரும் 1978 என்ற வருஷமும் நெய்தது. சரிந்த சுவர் வழியாக ஈரம் இறங்கி ஒரு பக்கம் பிரிந்திருந்தது. அப்பாவின் பெயரில் கடைசி எழுத்து இல்லை.

பத்தமடை பக்கத்து ஊர்தான். பஸ்ஸில் போனோம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெருமையாகப் படுவது அந்த வேலைதான். கோரையைக் கிழித்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அது பருத்து வந்ததும் எடுத்துக் காயவைத்து, மறுபடி மயிரிழையாகக் கிழித்துப் பருத்தி நூல் பாவில் கோத்துக் கோத்து நெய்கிறார்கள். நல்ல பாய் என்றால் பட்டுத் துணிபோல் மடியும்.

நெசவுக்கார அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாயைத் தரையில் விரித்து, பிரிந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். “கோரை கெடவில்லை. நூல்தான் இற்றுப்போயிருக்கிறது” என்றார். இற்ற பகுதியை நறுக்கிவிட்டுப் புதுக் கரை வைத்துத் தைக்கலாம், போன எழுத்தைத் திரும்ப நெய்ய முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு பெயரைத் தடவியபடி, “இவர் வரவில்லையா?” என்று கேட்டார். அம்மா தலையசைத்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பாய்க்கு இந்தப் பக்கம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது என்றார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வெளியே திண்ணையில் காத்திருந்தேன். அம்மா அவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசி நான் சென்னையில் பார்த்ததில்லை.

அமாவாசைக்குப் பாபநாசம் போவதாகத்தான் திட்டம். அம்மா வேண்டாம் என்றாள். பாபநாசம் என்றாலே அப்பாவுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் ஊரில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925-ல் அங்கே கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்துத் தானும் போய்விட்டார். அங்கே போகும்போதெல்லாம் அப்பா அதைச் சொல்வார். சொல்லி முடித்துப் பஸ் ஏறும்வரை என் மணிக்கட்டை விடமாட்டார். “நம் படித்துறையே போதும். அவர் குளித்த இடம் அதுதான்” என்றாள் அம்மா.

விடியற்காலையில் போனோம். தண்ணீர் இடுப்பளவு ஓடியது, நல்ல குளிர்ச்சி. எள்ளும் தண்ணீரும் விட்டேன். அப்பாவின் ஈரிழைத் துண்டு ஒன்றை அம்மா மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஆற்றில் விட்டுவிடுங்கள், அதுதான் வழக்கம் என்றார் பக்கத்தில் நின்றவர். கீழ்ப்படியில் யார் யாரோ விட்ட வேட்டியும் சேலையும் பாசியோடு சிக்கிக் கிடந்தன. பாபநாசத்திலிருந்து கீழே வரைக்கும் இந்த ஆறு சுமக்கிற துணி கொஞ்சநஞ்சமல்ல. டன் கணக்கில் அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேர்ந்துவிடுகிறது. ஆற்றில் எச்சில் துப்பினால்கூட அடிக்க வருகிறவர் அப்பா. நான் துண்டை விடவில்லை. நனைத்துப் பிழிந்து, உதறி, தலை துவட்டிக்கொண்டேன். முரட்டு நூல் காதோரம் உரசியது. சின்ன வயதில் இதே படியில் நிறுத்தி அவர் துவட்டிவிடும்போது காது சிவந்துவிடும். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டை வாங்கித் தன் ஈரத் தலையில் சுற்றிக்கொண்டாள்.

ஈரத்தோடு தெருவுக்குள் நுழைந்தோம். எதிர்வீட்டு ஆச்சி இப்போது வாசலில் நின்றாள்.

“வாங்க. வா ஐயா. காப்பி போட்டு வைத்திருக்கிறேன்” என்றாள்.

பாயைத் தைக்கப் பத்து நாள் ஆகும் என்று பத்தமடை அம்மாள் சொல்லியிருந்தார். அண்ணனை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம், கொரியரில் போடச் சொல்லலாம் என்று நான் காப்பி குடித்தபடியே யோசனை சொன்னேன். அம்மா கேட்கவில்லை. தான் வந்துதான் வாங்குவேன் என்று அந்த அம்மாளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். போனை எடுத்து டிக்கெட் பார்த்தேன்.