புகைக்கூட்டுக்குள் புகை குளிரக் கூடாது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கவர்த்தா ஏரிகள் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் வடக்குச் சுவரோரம் ஒரு விறகடுப்பு இருந்தது. அடுப்பு அவ்வளவு பழையதன்று. அதன் பின்புறத்தில் சான்றளிப்புத் தகடும் இருந்தது. அது நன்றாக எரிகிறது என்று விற்பவரின் முகவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அடுப்பு எரிவதை வைத்துப் புகைக்கூட்டின் நிலையை அறிய முடியாது. உள்ளே பதித்த களிமண் ஓடு வெடித்திருந்தாலும் தீ எரியத்தான் செய்யும். காப்புறுதி நிறுவனமும் 'வெற்' (WETT, விறகடுப்புகளைப் பரிசோதிப்போருக்கான கனேடியப் பயிற்சித் திட்டம்) சான்றிதழ் பெற்ற ஒருவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டது. அந்தச் சான்றிதழ் பரிசோதிப்பவரின் பயிற்சிக்கு வழங்கப்படுவது, வீட்டுக்கு அல்ல. எனவே "இந்த வீட்டுக்கு வெற் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டில் யார் எழுதிய அறிக்கை என்று கேட்பது நல்லது.

பரிசோதிக்க வந்தவர் முதலில் அடுப்பைத் தொடவே இல்லை. கூரையில் ஏறி, புகைக்கூட்டின் உயரத்தை அளந்தார். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். அத்துடன் கிடையாக 10 அடித் தூரத்துக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 2 அடி கூடுதலாக நிற்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அதில் குறை இல்லை. பிறகு கமராவை உள்ளே இறக்கியபோதுதான் களிமண் ஓடுகள் இரண்டு இடங்களில் நெடுக்காக வெடித்திருப்பதும், மேற்பகுதி முழுவதும் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புப் பூச்சு ஒட்டியிருப்பதும் தெரிந்தன. அது கிரியோசோட், அதாவது விறகுப்புகையிலிருந்து படியும் தார். பொடியாகவோ செதிலாகவோ படிந்திருந்தால் தூரிகையால் சுரண்டிவிடலாம். இப்படி உருகி இறுகிய நிலையை அடைந்தால் தூரிகை வழுக்கிக்கொண்டு போகும். அது தீப்பற்றினால் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். வெடித்த ஓட்டின் வழியாக அந்த வெப்பம் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களை எட்டும்.

சுத்தம் செய்துவிட்டால் போதாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. போதாது. கிரியோசோட் ஏன் அங்கே படிந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விறகுப்புகையில் நீராவியும் முழுதாக எரியாத தார் ஆவியும் கலந்திருக்கின்றன. புகை ஏறக்குறைய 120 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அவை குழாயின் சுவரில் படியத் தொடங்கும். எங்கள் புகைக்கூடு திறந்த கணப்புக்காகக் கட்டப்பட்டது. அதன் உட்புறம் 8க்கு 12 அங்குல ஓடு. அடுப்பின் வாயோ 6 அங்குல வட்டம். இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள வழிக்குள் நுழைந்ததும் புகை வேகம் குறைந்து, தங்கித் தங்கி, குளிர்ந்துதான் மேலே போகும். இது போதாதென்று புகைக்கூடு வீட்டுக்கு வெளியே, வெயில் படாத வடக்குப் பக்கத்தில் நிற்கிறது. மைனஸ் 20இல் அந்தச் செங்கல் முழுவதும் பனிக்கட்டியாகிவிடும். அடுப்பு அணைந்திருக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று கூரைப் பக்கமாகக் கசிந்து வெளியேற, அதற்கு ஈடாகக் குளிர்காற்று புகைக்கூட்டின் வழியே கீழே இறங்கும். அந்த நேரத்தில் தீ மூட்டினால் புகை அறைக்குள்தான் வரும். இந்தக் கடுங்குளிர் நாட்டில் புகைக்கூட்டை வீட்டுக்கு வெளியே நிறுத்திய வழக்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டின் நடுவே எழுப்பியிருந்தால் இந்தச் சிக்கலில் பாதி இருந்திருக்காது.

ஆகவே இறுகிய படிவை முதலில் அகற்றிவிட்டு, அடுப்பு வாயிலிருந்து உச்சிவரை 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு உள்குழாய் ஒன்றை இறக்கி, அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் பீங்கான் நார்ப் போர்வையைப் போர்த்தினார்கள். போர்வை இல்லாமல் குழாயை மட்டும் இறக்கினால் செலவு குறையும் என்று இன்னொரு ஒப்பந்தக்காரர் சொன்னார். வெளிச்சுவர்ப் புகைக்கூட்டில் அது காசை வீணாக்கும் யோசனை. குறுகிய குழாயும் குளிரத்தான் செய்யும். உச்சியில் வலையோடு கூடிய மூடி வைத்தாயிற்று. பழைய செங்கற் புகைக்கூடுகளில் கூடுகட்டும் உழவாரன் குருவி கனடாவில் பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால், கோடையில் கூடு இருந்தால் அதைக் கலைக்கக் கூடாது. எங்கள் புகைக்கூட்டில் அவை இல்லை என்று பார்த்த பிறகே வேலை தொடங்கியது.

அறைக்குள்ளும் ஒரு திருத்தம் இருந்தது. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 18 அங்குலம் விட வேண்டும். எங்களுடையதில் அதில் பாதிகூட இல்லை. இரட்டைச் சுவர்க் குழாய்க்கு 6 அங்குலம் போதும், அது புகையின் சூட்டையும் காக்கும் என்பதால் அதையே பொருத்தினோம். பழைய குழாயின் துண்டுகள் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தன. நெளித்த முனை அடுப்பை நோக்கிக் கீழே இருந்தால்தான் கசியும் தார் உள்ளேயே வடிந்து எரியும். மாறியிருந்ததால் மூட்டுகளில் கறுப்புக் கோடுகள் வழிந்திருந்தன.

நம்மவர்களின் வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீன் பொரிக்கும்போது வலுவான சமையல் விசிறியைப் போட்டால் அது வீட்டின் காற்றை இழுத்து, விறகடுப்பின் புகையையும் அறைக்குள் இழுக்கக்கூடும். அந்நேரம் அடுப்புக்குப் பக்கத்து யன்னலைச் சற்றுத் திறந்து வைக்கிறோம். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி எப்படியும் கட்டாயம். 2008இல் உட்ஸ்டொக்கில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நால்வர் இறந்த பின்னரே, 2013இல் ஒன்ராறியோவில் அதற்கான சட்டம் நிறைவேறியது.

விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இத்தனை செலவும் பயன் தராது. பிளந்து பார்த்து, புதிதாகத் தெரியும் முகத்தில் ஈரமானியைக் குத்த வேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் உலர்ந்தே காட்டும். மேப்பிள் ஓராண்டில் காய்ந்துவிடுகிறது, ஓக் இரண்டு ஆண்டு கேட்கிறது. படிவு 3 மில்லிமீற்றர் தடித்தால் துடைப்பது இங்குள்ளோர் வழக்கம். இந்தக் குளிர்காலத்தின் நடுவில் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது அதற்கும் மிகக் குறைவாக, விரலில் ஒட்டும் சாம்பல்நிறப் பொடி மட்டுமே இருந்தது.