பாரதம் நடக்கும் ஊருக்கு

வேலூர்க்காரன் என்று தஞ்சாவூரில் சொல்லிக்கொண்டால், "தண்ணீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்" என்ற பழைய கிண்டலை யாராவது ஒருவர் ஒப்பிக்காமல் விடுவதில்லை. பாலாற்றில் 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு வெள்ளம் போயிற்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலிலோ 1981இல் லிங்கம் மீண்டும் எழுந்தருளி, அன்றாடப் பூசையும் நடக்கிறது. ஆகவே இப்போது குறைவது அரசன் மட்டுமே என்று நானும் சிரித்தபடி பதில் சொல்லிவிடுவேன். ஆனால், பெரிய கோயிலும் வீணையும் தலையாட்டிப் பொம்மையும் உள்ள ஊரில் குடியிருந்துகொண்டு, எங்கள் பக்கத்துக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் ஆம்பூர் பிரியாணியைத் தாண்டி எதைச் சொல்வது? ஆரணிக்குப் பக்கத்தில் என் அம்மா பிறந்த ஊரில் இந்த வைகாசியில் பாரதம் நடக்கிறது என்று மாமா தொலைபேசியில் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

பிற மாவட்டத்தாருக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். வட ஆற்காட்டு ஊர்கள் பலவற்றில் திரௌபதி அம்மன் கோயிலைத் தருமராசா கோயில் என்றே சொல்வார்கள். பெரும்பாலும் சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் அங்கே அக்னி வசந்த விழா நடைபெறும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அந்தக் கதையையே இரவில் விடிய விடியக் கூத்தாக ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு, படுகளம் போன்ற கட்டங்களோ ஊர்வெளியில் சடங்காகவே நிகழும். தபசன்று அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏற, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு அதன் அடியில் விழுந்து கிடப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது பாரதப் போரின் கடைசி நாளான பதினெட்டாம் போர் ஆடும் இரவில். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடத் தொடங்கினான். கிரீடத்தின் நுனியும் சலங்கைச் சத்தமும் மட்டுமே வெளியே தெரிந்தன. திரை விலகியதும், கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக் கிரீடமும் புஜக்கட்டைகளும் விளக்கொளியில் மின்ன, அந்த மனிதர் சுழன்று ஆடியபோது புழுதி எழும்பி முன்வரிசைக் குழந்தைகள்மேல் படிந்தது. பகலில் தறியில் உட்காருபவர் அவர் என்று மாமா சொன்னார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் இடையிடையே நுழைந்து உள்ளூர் ஊராட்சித் தலைவரையும் விட்டுவைக்காமல் கேலி செய்தான். நாகசுரம் போன்ற சிறு ஊதுகருவியான முகவீணையை அமுக்கிவிடும் அளவுக்கு ஒலிபெருக்கியை வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துப் பாயில் இருந்த அத்தை என்னைப் பார்த்து, "உங்க தஞ்சாவூர் பக்கம் பாரதம் இல்லியா? அப்ப மழைக்கு என்னாதான் பண்ணுவாங்க?" என்று கேட்டார். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பதை எதிர்பார்த்திருப்பார்கள் என்றேன். அத்தைக்கு அது நம்பும்படியாக இல்லை. ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர் வைக்கும் மண்ணில், மழை வேண்டி விராட பருவம் படிப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. அணைநீர் பாயும் வயல்களுக்கு நடுவில் வாழப் போன பிறகுதான் அதன் காரணம் எனக்கு விளங்கியது.

காலையில் படுகளம். திடலில் களிமண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் மல்லாந்து கிடந்தான். இரவு முழுதும் ஆடிய அதே துரியோதனனும் வீமனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்திருந்த செந்நீர் பீறிட்டது. அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடித்த நேரத்தில், பறைச் சத்தத்துக்கும் மேலே பெண்களின் குலவை கேட்டது. மாலையில் தீமிதி.

செய்யாறு பக்கத்துப் புரிசையில் பிறந்த கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்ததும், நகர மேடைகளில் தெருக்கூத்து ஆடப்படுவதும் பெருமைக்குரியவைதாம். ஆயினும் ஒரு மணி நேரமாகச் சுருக்கி அரங்கில் ஆடும்போது, மறுநாள் காலையில் அந்தக் கதை ஊருக்குள் இறங்கி வந்து நடப்பது விடுபட்டுப்போகிறது.

போக விரும்புகிறவர்கள் இணையத்தில் தேடிப் பயனில்லை. சித்திரை பிறந்ததும் ஆரணி, செய்யாறு, போளூர்ப் பக்கத்துப் பேருந்து நிழற்குடைகளில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பாருங்கள். எந்த இரவு எந்தக் கூத்து என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஓர் இரவுதான் தங்க முடியுமென்றால் படுகளத்துக்கு முந்தின இரவில் போய்ச் சேருங்கள். உட்கார ஒரு பாயும் எடுத்துச் செல்லுங்கள்.