ஹம் காமாட்சி அம்பாளும் கால்வாய்த் தீர்த்தமும்

ஜேர்மனியில் பிறேமனிலிருந்து ஒஸ்னாபுறூக், மூன்ஸ்டர் வழியாக ஹம் நகரத்துக்கு இரயிலில் போகிறவர்களுக்கு, அங்குள்ள காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழா நாளில் எந்தத் தரிப்பிடத்தில் இறங்கவேண்டும் என்று எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. மூன்ஸ்டரைத் தாண்டும்போதே பெட்டி முழுவதும் பட்டுச் சேலையும் வேட்டி சால்வையும் திருநீற்று நெற்றியுமாகிவிடும். இந்த யூன் மாதம் நானும் என் மகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்ரீ காமாட்சி அம்பாள் குடியிருக்கும் ஊன்ட்றொப் பகுதி ஊருக்குள் இல்லை, தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. பாரவூர்திகள் நிற்கும் முற்றங்களையும் தகரக் கூரைகளையும் கடந்து போகையில் திடீரென்று 17 மீற்றர் உயர இராசகோபுரம் எழுந்து நிற்கும். அம்பாளை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்களே என்று நான் ஒரு காலத்தில் மனம் நொந்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. தவிலும் நாதஸ்வரமும் எவருடைய ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தையும் கெடுக்காத இடம் இது. கனரக வாகனங்களுக்கென்று அகலமாகப் போட்ட வீதி, அளந்து வைத்ததுபோலத் தேரோடும் வீதியாக அமைந்துவிட்டது.

1989 இல் இந்த நகரத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு இது. நான் அங்கே முதன்முதலாகப் போனது 1991 இல். அதற்கு முன், பேர்லின் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர இரயிலேறி மேற்குப் பக்கம் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்த ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். விண்ணப்பம் முடிவாகும்வரை, குடியமர்த்தப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதிக் கடிதம் இல்லாமல் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். அந்தக் கடிதத்துக்காகப் போன அலுவலகத்தில், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நான் வழிபாடு என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இங்கே தேவாலயம் இல்லையா?" என்று அங்கிருந்தவர் கேட்டார். அவர் குரலில் பகை இருக்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி பல வருடங்களாக என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது. 2009 இல் குடியுரிமைத் தேர்வு எழுதியபோது, 33 கேள்விகளையும் வாசித்து முடித்த பிறகுதான், நான் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறேன் என்று இந்த நாடு ஓரிடத்திலும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

இப்போதுள்ள கோயிலுக்கு 2002 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் திகதி குடமுழுக்கு நடந்தது. ஸ்ரீ பாஸ்கரக் குருக்களின் விடாமுயற்சியில், ஹைன்ஸ்-றைனர் ஐக்ஹோர்ஸ்ட் என்ற ஜேர்மானியக் கட்டடக் கலைஞரின் வரைபடத்தில், 27 மீற்றருக்கு 27 மீற்றர் சதுரமாக எழுந்த கட்டடம் இது. உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால் தெய்வத் திருவுருவங்கள் தெரியும்; கண்ணைச் சற்றுத் தாழ்த்தினால் ஓடும் மனித உருவத்தோடு அவசர வழிக்கான பச்சை விளக்கு எரியும். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. இணைந்து வாழுங்கள் என்று இங்கே அரசியல்வாதிகள் அடிக்கடி சொல்லும்போது, கரைந்துபோங்கள் என்கிறார்களோ என்று எனக்குள் எழும் ஐயத்துக்கு இந்தச் சுவர் ஓரளவு பதில் சொல்கிறது: கட்டட விதி முழுவதும் அவர்களுடையது, கருவறை முழுவதும் எங்களுடையது.

அர்ச்சனைக்குப் போனபோது ஐயர் மகளின் நட்சத்திரத்தைக் கேட்டார். அவள் தயங்காமல் உத்திரட்டாதி என்றாள். அந்தத் தயக்கமின்மைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவள் பிறந்தது கோடைகாலத்தில், கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருக்கும் மாதங்களில். அதை அறியாமல் யாழ்ப்பாணத்தில் சாத்திரியார் முதலில் கணித்த குறிப்பில் அவள் ரேவதியாக இருந்தாள். பிறகு நான் தொலைபேசியில் விளக்க, அவர் பிறந்த நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கழித்துக் குறிப்பை மாற்றி எழுதினார். ஐரோப்பாவின் கோடைகால நேரத்தைக் கணக்கில் எடுத்த நட்சத்திரம் அவளுடையது.

தேர் இருப்பிடத்தைவிட்டு நகர்ந்தபோது வடத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தேர் நாளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் கோயில் இது. நோர்வே, சுவிஸ், பிரான்ஸ் என்று எங்கெங்கோ சிதறியவர்கள் வடத்தின் இரு பக்கத்திலும் நின்று இருபது வருடத்துக்குப் பிறகு முகம் பார்த்துக்கொண்டார்கள். தேருக்குப் பின்னால் ஆண்கள் ஈரவேட்டியோடு தார் வீதியில் உருண்டு பிரதட்டை செய்தார்கள், பெண்கள் அடிக்கடி விழுந்து கும்பிட்டு எழுந்து அடியழித்தார்கள். ஊரில் சுடுமணல் தந்த வேதனையைச் சுடுதார் குறையில்லாமல் தந்தது. மகள் கற்பூரம் எரியும் கற்பூரச் சட்டி எடுத்தாள். அதற்கு வைக்கும் வேப்பிலைக்குப் பதிலாக வேறெதையும் வைக்க அவள் சம்மதிக்காததால், பாரிசிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி வாங்கிய வேப்பிலையை முந்திய இரவு குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

அம்பாளுக்குப் பச்சை நிற அலங்காரமான பச்சை சாத்தி முடிந்து அன்னதானப் பந்தலில் இருந்தபோது, அம்பாளிடம் எந்த மொழியில் வேண்டுவாய் என்று அவளைக் கேட்டேன். "சோதனை பாசாக வேணுமெண்டால் ஜேர்மன்ல கேப்பன் அப்பா. அம்மம்மாவுக்குச் சுகம் வேணுமெண்டால் தமிழ்ல" என்றாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு.

மறுநாள் தீர்த்தத்துக்கும் நின்றோம். அம்பாள் தீர்த்தமாடுவது டாற்றெல்ன்-ஹம் கால்வாயில். நிலக்கரியும் சரக்கும் ஏற்றிச் செல்வதற்காக மனிதர் வெட்டிய நீர்வழி அது. கங்கையோ யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தமோ அல்லவே என்ற குறை எனக்குத் துளியும் இல்லை. மந்திரம் சொல்லி அழைத்தால் புண்ணிய நதிகள் ஒரு செம்புத் தண்ணீருக்குள்ளேயே வருகிறபோது, இவ்வளவு நீளமான கால்வாய்க்கு வரமாட்டாவா? கரையில் சைக்கிளோடு நின்ற முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தன் ஊர்க் கால்வாய்க்கு யாரோ மரியாதை செய்வதைக் கண்டவரின் முகம் அது.

தீர்த்தம் எடுக்கப் பாத்திரம் கொண்டுபோகாததால், குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலில் நிறைத்துக்கொண்டேன். இரயிலில் மகள் அதைத் திருப்பிப் பார்த்து, இது 25 சதம் திரும்பக் கிடைக்கும் போத்தல் அப்பா, கடையில் கொடுக்க மறக்கவேண்டாம் என்றாள். வீட்டில் அது சாமி அறையில், ஊரிலிருந்து வந்த கீரிமலைத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த 25 சதத்தை இன்னும் வாங்கவில்லை.